வல்வில் ஓரியும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடப் போவதாகச் சொல்லிக்கொண்டாலும், குளிக்கத்தான் போகிறார்கள். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் குடலைப் புரட்டிக்கொண்டு ஏறி, சோளக்காட்டில் அன்னாசிப்பழம் தின்று, அறப்பளீஸ்வரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆகாய கங்கையில் தலையைக் கொடுப்பது எங்கள் நாமக்கல், சேலம் பக்கத்துக் குடும்பங்களில் எழுதாத சட்டம். இதில் ஒரே ஒரு சிக்கல். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவதில் பிரச்சினை இல்லை. திரும்பி ஏறும்போதுதான் அவரவர் வயதும், எடையும், காலையில் தின்ற பரோட்டாவும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வரும். பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்கடா" என்று சொல்லாத பெரியப்பா கிடையாது.

அந்தப் பெரியப்பாக்களின் மூச்சிரைப்பில் என் மச்சினர் ஒரு தொழிலைக் கண்டுபிடித்தார். கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கு நாடு என்று பெயர். மொத்தம் 14 நாடுகள். அதில் குண்டனி நாட்டில் ஒரு மிளகுத் தோட்டத்து வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, விருந்தினர் விடுதி என்று பலகை மாட்டினார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, பின்னால் பலா, காலையில் பனிமூட்டம், ராத்திரி நட்சத்திரம், எல்லாம் இலவசம். "இதெல்லாம் எல்லாரும் வெச்சிருக்காங்க மாமா. நம்ம கிட்ட என்ன விசேஷம்?" என்று யோசித்தவர், முற்றத்தில் 20,000 லிட்டர் பிடிக்கிற ஒரு சிமெண்ட் தொட்டியைக் கட்டி, உள்ளே நீல பெயிண்ட் அடித்து, பலகையில் 'நீச்சல் குளம்' என்று சேர்த்துவிட்டார்.

அருவியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீர் எங்கேயும் போவதில்லை. அதில் இலை விழும், சருகு விழும், குருவி எச்சம் விழும், விடுமுறை நாட்களில் எங்கள் உறவினர்களும் விழுவார்கள். சீக்கிரமே நீல பெயிண்ட் தெரியாமல் போய், குளம் பசேலென்று ஆனது. புகைப்படத்தில் பார்த்தவர்கள் புல்வெளி என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

நீச்சல் குளப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்த்தார். வடிகட்டி, பம்பு, மாத்திரை, சோதனைப் பெட்டி என்று அவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைப் படித்துவிட்டு மச்சினர் நெடுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மாமா, இதெல்லாம் குளோரின்தானே? துணிக்குப் போடுறமே பிளீச், ஊராட்சித் தொட்டிக்குப் போடுறாங்களே பவுடர், அதுவும் குளோரின்தானே?"

இங்கே நான் என் மச்சினருக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் சொன்னதில் வேதியியல் பிழை எதுவும் இல்லை. வீட்டு பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். பிளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சுண்ணாம்பும். தண்ணீரில் விழுந்ததும் இரண்டும் ஒரே ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத்தான் கொடுக்கின்றன. கிருமியைக் கொல்வது அதுதான். தன்னை அனுப்பி வைத்தது வண்ணாரத் துறையா, நட்சத்திர ஓட்டலா என்று குளோரின் கிருமியிடம் சொல்வதில்லை.

இந்தப் பவுடரின் பூர்வீகமும் அப்படித்தான். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் என்பவர் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிக் காப்புரிமை வாங்கியது துணி வெளுக்கத்தான். அதற்கு முன்பெல்லாம் துணியை மாதக்கணக்கில் வெயிலில் விரித்துப் போட்டுக் காத்திருந்தார்கள். 1847இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்குமுன் இந்தப் பவுடர் கரைசலில் கை கழுவும்படி மற்ற மருத்துவர்களிடம் சொன்னார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. மருத்துவர்களின் கோபம் மளமளவென்று கூடியது. "எங்கள் கை அழுக்கா?" என்ற கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். 1908 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் டாக்டர் ஜான் லீல், தண்ணீர் சுத்தமாக இல்லை என்று வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, யாரிடமும் கேட்காமல் ஊர்க் குடிநீரில் இதைக் கலக்க ஆரம்பித்தார். நீதிபதி கடைசியில் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஓரிரு ஆண்டுகளில் பிரவுன் பல்கலைக்கழகத்து நீச்சல் குளத்திலும் இதைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆகவே என் மச்சினர் நிற்பது நல்ல பரம்பரையில்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்கள் எல்லாரும் தராசு வைத்திருந்தார்கள்.

மச்சினர் முதலில் நினைத்தது கடையில் விற்கிற பாட்டில் பிளீச். அதிலும் எலுமிச்சை வாசனை போட்ட ரகம். வாசனை பிளீச்சில் நுரை வருவதற்கான சரக்கும் சேர்ந்திருக்கும், குளத்தில் ஊற்றினால் விருந்தாளிகள் நீந்த மாட்டார்கள், துவைபடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். ஒப்புக்கொண்டு, பாட்டிலை விட்டுவிட்டு 25 கிலோ பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் போய்விட்டார்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்பது சங்க காலத்துச் செய்தி. அந்த மலையில் வாழ்கிற யாருக்கும் ஒரே வீச்சில் காரியத்தை முடிக்கும் ஆசை வருவது இயல்பு. ஒரே மூட்டையில் பாசி, கொசு, தவளை, கிருமி, வாடிக்கையாளர் புகார் ஐந்தையும் வீழ்த்துவது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மச்சினர் மூட்டையை அப்படியே குளத்தில் கவிழ்த்தார்.

பச்சைக் குளம் பாற்கடல் ஆயிற்று. பவுடரில் இருக்கும் சுண்ணாம்பு எங்கே போகும்? பள்ளிகொள்ளப் பெருமாள் ஒருவர்தான் பாக்கி. அந்த இடத்தையும் அன்றிரவு பெரியப்பாவின் கறுப்பு லுங்கி நிரப்பியது. குளக்கரையில் காயப் போட்டது, காற்றில் உள்ளே விழுந்து, விடியும்வரை ஊறியது. காலையில் எடுத்தபோது கறுப்பு போய் நல்ல காவி நிறம் வந்திருந்தது. மாற்றுத் துணி இல்லாத பெரியப்பா அதையே கட்டிக்கொண்டு, சவரம் செய்யாத முகத்தோடு வாசலில் நின்றார். கொல்லிமலை சித்தர்கள் நடமாடும் மலை என்ற நம்பிக்கையோடு காரில் வந்திறங்கிய ஒரு குடும்பம் அவர் காலில் விழுந்து எழுந்தது. பெரியப்பாவும் மறுப்புச் சொல்லாமல் ஆசீர்வாதம் செய்தார்.

மூச்சை அடைக்கிற நெடி தோட்டம் முழுக்கப் பரவியதும், வழியே போய்க்கொண்டிருந்த ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, குளோரின் கலந்து, குழாய் திறந்து விடுகிற மனிதர். இந்த விஷயத்தில் எந்தப் பேராசிரியரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. காலி மூட்டையைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார்.

"எவ்வளவு போட்டீங்க தம்பி?"

"கண் அளவுதாங்ணா."

"கண்ணு நல்லா இருக்குதில்ல? இப்ப எரியும், பாருங்க."

அதற்குப் பிறகு அவர் நடத்திய பாடத்தை நான் அப்படியே சொல்கிறேன். 20,000 லிட்டர் குளத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போதும். மொத்தம் 40 கிராம். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால், 120 கிராம் பவுடர். நாலு சதவீத பாட்டில் பிளீச் என்றால் ஒரு லிட்டர். மச்சினர் போட்டது இதைப்போல இருநூறு மடங்கு. அது குளிக்கிற கணக்கில்லை, வெள்ளையடிக்கிற கணக்கு.

பவுடரை நேராகக் கொட்டவும் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டையைத் திறந்து வைத்தால் காற்றும் ஈரமும் பட்டு வீரியம் போய்விடும். பனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்கிற கொல்லிமலையில் இன்னும் சீக்கிரம் போகும். பழைய மூட்டையை நம்பி அளந்து போட்டால், அளவு சரியாக இருக்கும், குளோரின் மட்டும் இருக்காது.

ஊற்றுகிற நேரமும் முக்கியம். வெயில் பட்டால் ஓரிரு மணி நேரத்தில் குளோரின் பெரும்பகுதி காலி. நீச்சல் குளத்துக்கென்று விற்கிற மாத்திரைகள் சிலவற்றில் சயனூரிக் அமிலம் சேர்த்திருப்பார்கள், அது வெயிலுக்குக் குடை பிடிக்கும். வீட்டு பிளீச்சுக்கு அந்தக் குடை கிடையாது. அதனால் பொழுது சாய்ந்தபின் ஊற்றி, காலையில் சோதித்துவிட்டு ஆட்களை இறக்க வேண்டும்.

"எப்படிங்ணா சோதிக்கிறது? வாசனை வெச்சா?" என்றார் மச்சினர்.

"மூக்கை நம்பாதீங்க தம்பி" என்று ஒரு சின்னக் குப்பியை எடுத்தார் ஆபரேட்டர். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு அளவு சொல்லிவிடலாம். குடிநீருக்குக் கடைசிக் குழாயில் 0.2 இருந்தால் போதும். நீச்சல் குளத்தில் 1 முதல் 3 வரை. கூடவே காரத்தன்மையையும் பார்க்க வேண்டும். பி.எச். 7.5 இருந்தால் குளோரினில் பாதி வேலைக்கு வரும். 8.5க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும், மீதி சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். பிளீச்சும் பவுடரும் இந்தக் காரத்தை ஏற்றிவிடுகிற சாமான்கள்.

காரம் என்றதும் மச்சினரின் கண் பாத்ரூம் ஆசிட் பாட்டில் பக்கம் போனது. ஆபரேட்டர் எழுந்தே விட்டார். "ரெண்டையும் ஒரே வாளியில மட்டும் ஊத்திடாதீங்க. அப்புறம் குளிக்க ஆள் இருக்காது, குளிப்பாட்டத்தான் ஆள் வரணும்." அவர் மிகைப்படுத்தவில்லை. ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர்கள் திறந்து விட்டதும் அதே வாயுதான். கழிவறை கழுவும்போது இரண்டையும் கலந்து, "சும்மா பளிச்சுனு இருக்கும்" என்று சொல்கிற கைகள் நம் ஊரில் நிறைய உண்டு.

கொஞ்சம் போட்டால் நல்லது என்றால் நிறையப் போட்டால் ரொம்ப நல்லது என்கிற நம்பிக்கை என் மச்சினரின் தனிச்சொத்து அல்ல. கொரோனா வந்தபோது, 2020 ஏப்ரல் 1 அன்று திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் திறந்தார்கள். காய்கறி வாங்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தால், ஹைப்போகுளோரைட் கரைசல் பன்னீர் தெளிப்பதுபோல் மேலே விழும். மற்ற ஊர்களும் ஆசைப்பட்டு ஆரம்பித்தன. மனிதர்கள் மேல் தெளிக்கக் கூடாது, அதனால் பயனில்லை, கெடுதல்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18 அன்று அறிக்கை விட வேண்டி வந்தது. சாம்பாருக்குக் கைக்கணக்கு போதும். உப்புக் கூடினால் ஒரு உருளைக்கிழங்கு போட்டுச் சமாளிக்கலாம். குளோரினுக்கு உருளைக்கிழங்கு இல்லை.

பாற்கடலை என்ன செய்வது? ஓடையில் திறந்துவிட்டால் மீன் செத்துப்போகும், மிளகுக்கு விட்டால் கொடி கருகும். வெயிலில் கிடக்கட்டும், குளோரின் போனது குப்பியில் தெரிந்தபின் வெளியேற்றலாம் என்றார் ஆபரேட்டர். அப்படியே செய்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, தராசு வாங்கி, 120 கிராம் அளந்து கரைத்தார் மச்சினர். குளம் கண்ணாடி மாதிரி தெளிந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை உறவினர்கள் வந்தார்கள். அருவிக்குப் போவதாக நினைத்துத் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு அத்தை இறங்கினார். சீயக்காயும் கூடவே இறங்கியது. குழந்தைகள் காலையில் இறங்கி மாலைவரை ஏறவே இல்லை. இடையில் எதற்கும் ஏறவில்லை என்பதுதான் விஷயம். சாயங்காலம் குளத்திலிருந்து காட்டமாக ஒரு நெடி வந்தது. "பாருங்ணா, குளோரின் எவ்வளவு ஸ்ட்ராங்கா நிக்குது!" என்று மச்சினர் பெருமைப்பட்டார். ஆபரேட்டர் குப்பியில் சொட்டு விட்டார். மஞ்சள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நீச்சல் குளத்தின் நெடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சண்டை போட்டு ஓய்ந்தபின் மிஞ்சுகிற குளோரமின் வாசனை அது. கண் எரிச்சலுக்கும் காரணம் அதுவே. சுத்தமான குளத்தில் காட்டமான வாடை வராது. ஆகவே எந்த ஓட்டலிலாவது குளத்துப் பக்கம் போனதும் நெடி மூக்கைத் துளைத்தால், "அடடா, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று வியக்காதீர்கள். உங்களுக்கு முன் அங்கே குளித்தவர்களைப் பற்றி யோசியுங்கள்.

வீட்டு பிளீச் நீச்சல் குளத்துக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக ஆகும். வாசனை இல்லாததாக இருக்கட்டும், தராசும் சோதனைக் குப்பியும் கூட இருக்கட்டும், மாலையில் ஊற்றுங்கள், ஆசிட்டை வேறு அறையில் வையுங்கள். வயிற்றுப்போக்கு இருப்பவரை மட்டும் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளத்தின் வழக்கமான குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். இறங்கும் முன் நாலு சொம்புத் தண்ணீர் மேலே ஊற்றிக்கொண்டு, கழிப்பறைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள். பிளீச் செலவு பாதியாகக் குறையும், சொந்தபந்தமும் நிலைக்கும்.