தோட்டாவுக்குப் பொருத்தம் பார்ப்பவர்

ஒரு கிரவுண்ட்ஹாக்கைச் சுட ஒரு தோட்டா போதும். அது எந்தக் கம்பெனித் தோட்டா, குண்டின் எடை என்ன, எந்த வாரம் தயாரானது என்றெல்லாம் முடிவு செய்வதற்குள் அந்தக் கிரவுண்ட்ஹாக் பேரன் பேத்தி எடுத்துவிடும். இப்படி முடிவு செய்துகொண்டே இருக்கும் மனிதரைத் துல்லியர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் ஒரு துல்லியர் அகப்படுவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வு பெறும்வரை இயந்திரப் பட்டறையிலோ கணக்குப் பிரிவிலோ காலம் தள்ளியிருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டிஜிட்டல் காலிப்பர் எட்டிப்பார்க்கும். 'ஏறக்குறைய' என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்துப் பிராணிதான். ஆனால் நாலைந்து கிலோ எடை, தொப்பை, குட்டைக் கால்கள். மாட்டுத் தீவனப் புல் வளரும் வயல்களில் வளை தோண்டும். அந்த வளையில் மாட்டின் கால் மாட்டும், டிராக்டரின் சக்கரம் இறங்கும். இப்படி நிலத்தைக் கெடுக்கும் பிராணிகளை அந்த ஊர்க்காரர்கள் 'வார்மின்ட்' பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதே மாநிலத்தில் பங்ஸுடானி என்று ஓர் ஊர். அங்கே 1887 முதல் பிப்ரவரி 2ஆம் தேதி வந்தால், உயரத் தொப்பி வைத்த பெரிய மனிதர்கள் இதே பிராணியைக் கையில் தூக்கிப் பிடித்து, அது தன் நிழலைக் கண்டதா இல்லையா என்று விசாரித்து, குளிர் இன்னும் ஆறு வாரம் நீளுமா என்பதை ஊருக்கு அறிவிக்கிறார்கள். பிப்ரவரியில் ஜோசியர், ஜூனில் குற்றவாளி. துல்லியர் இதற்கெல்லாம் வருத்தப்படுகிறவர் இல்லை. அவருக்கு அந்தப் பிராணியைப் பற்றித் தெரியவேண்டியது ஒன்றுதான்: எழுந்து நிற்கும்போது அகலம் எவ்வளவு?

நாலைந்து அங்குலமாவது இருக்கும். நூறு கஜத்தில் ஓர் அங்குல வட்டத்துக்குள் சுடும் துப்பாக்கி, முந்நூறு கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் சுடும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நல்ல ரைஃபிள்கள் பலவும், கைக்கு வந்த தோட்டாவில் ஓரளவு சுமாரானதைப் போட்டாலே, இந்தக் காரியத்தைச் செய்துவிடும். வேறு யாராவது இருந்தால் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வயலைப் பார்க்கப் போயிருப்பார். துல்லியருக்கு ஓர் அங்குலம் என்பது அவமானம். அரை அங்குலம், வெளியில் சொல்லிக்கொள்ளலாம். கால் அங்குலம்தான் மோட்சம்.

அவரிடம் இருப்பது 22-250 ரெமிங்டன் ரைஃபிள். பழைய 250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை நெருக்கி, அதில் சின்னக் குண்டைச் செருகி, பல வருடங்கள் தனி ஆட்கள் பட்டறையில் செய்துகொண்டிருந்த தோட்டா அது. 1965இல்தான் ரெமிங்டன் கம்பெனி அதற்குத் தன் பெயரைக் கொடுத்துக் கடைக்குக் கொண்டுவந்தது. 55 கிரெய்ன் குண்டு, நம் கணக்கில் மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே, நொடிக்குச் சுமார் 3,680 அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். குழலின் உட்புறத்தில் வெட்டிய புரிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று திருப்பிவிடுவதால் நிமிடத்துக்குச் சுமார் 1,89,000 சுற்று வேகத்தில் சுழலும். இந்த எண்ணைச் சொல்லும்போது துல்லியரின் முகத்தைப் பார்க்கவேண்டும். தம் குழந்தைகளின் பிறந்த நாளைக்கூட அவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார்.

இந்தச் சுழற்சியில்தான் வில்லங்கம். குண்டு நீளமாக ஆக, நிலையாகப் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும். ஆல்ஃபிரட் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் 1879இல் இதற்கு ஒரு சூத்திரமே போட்டுக் கொடுத்திருக்கிறார். 14 அங்குலப் புரி உள்ள குழலில் நீளமான கனத்த குண்டைப் போட்டால் அது தள்ளாடி, பக்கவாட்டில் போய்க் காகிதத்தைச் சாவித் துவாரம் மாதிரி கிழிக்கும். வேகமாகத் திருப்பும் குழலில் மெல்லிய தோல் போர்த்த சின்னக் குண்டைப் போட்டாலோ, சுழற்சி தாங்காமல் நடுவானில் சிதறி, இலக்குக்குப் போகும் வழியில் சாம்பல் நிறப் புகைக்கீற்றாக முடிந்துவிடுவதும் உண்டு. ஆக, குழலுக்கும் குண்டுக்கும் பொருத்தம் பார்த்துத்தான் ஆகவேண்டும். நம் ஊரில் பெண்ணுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எட்டு சரியாக இருந்தால், மிச்சம் இரண்டைக் கோயிலில் விளக்குப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். துல்லியர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அதனால் கடைக்குப் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. ஃபெடரலில் ஒன்று, ஹார்னடியில் ஒன்று, வின்செஸ்டரில் ஒன்று, ரெமிங்டனில் ஒன்று. நாற்பது கிரெய்ன், ஐம்பது கிரெய்ன், ஐம்பத்தைந்து கிரெய்ன். பெட்டிக்கு இருபது தோட்டா. சுடுதளத்தில் சிமெண்டு மேஜை, மணல் மூட்டை, காற்று பார்க்க ஒரு ரிப்பன். மூன்று சுட்டு, குழல் ஆறக் காத்திருந்து, இன்னும் மூன்று சுட்டு, ஓட்டைகளை அளந்து, நோட்டில் எழுதி, பெட்டியை ஒதுக்கிவைப்பார். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற தொனியில் தோட்டாக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். "இது இவளுக்குப் பிடிக்கவில்லை." இவள் என்றால் துப்பாக்கி. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே கம்பெனி, அதே மாடல் துப்பாக்கி இருக்கிறது. அதற்கோ துல்லியர் ஒதுக்கிய பெட்டிதான் பிடிக்கிறது. இதற்குக் காரணம் கேட்டால் குழலின் அதிர்வு, தோட்டா உட்காரும் அறையின் அளவு, புரியின் விளிம்பு என்று ஒரு மணி நேரம் விளக்குவார். கேட்டு முடித்ததும் காரணம் யாருக்கும் தெரியாது என்பது மட்டும் நமக்குத் தெளிவாகிவிடும்.

என்றாவது ஒரு நாள் ஒரு பெட்டி அமைந்துவிடும். மூன்று ஓட்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மூன்று இலை விட்ட செடி மாதிரி காகிதத்தில் விழும். மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார்.

"அந்த ஐம்பத்தைந்து கிரெய்ன் பெட்டி எத்தனை இருக்கிறது?"

"ஆறு இருக்கிறது, சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் மடிப்பில் அச்சடித்த தயாரிப்புத் தொகுதி எண்ணைப் படிப்பார். முகம் வாடும்.

"லாட் நம்பர் வேறே."

"சரக்கு அதேதான் சார். பெட்டி, படம், விலை எல்லாம் அதேதான்."

"உள்ளே இருக்கும் மருந்து அதே மருந்து என்று உனக்கு யார் சொன்னது?"

கடைப் பையனுக்குப் பதில் தெரியாது. உண்மையில் இந்த இடத்தில் துல்லியர் பக்கம் நியாயம் இருக்கிறது. தோட்டா ஆலைகள் வேகமும் அழுத்தமும் சொன்ன அளவுக்குள் வருகிறதா என்றுதான் பார்க்கும். வெடிமருந்தின் ஈடு மாறினால் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளும். பையனுக்கு அது ஒரே தோட்டா. குழலுக்கு அது வேறு தோட்டாவாக இருந்துவிடலாம். துல்லியர் ஆறு பெட்டியையும் வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் பழைய எண்ணை எழுதிக் கொடுத்து, பக்கத்து மாவட்டத்துக் கடைகளில் விசாரிக்கக் கிளம்புவார்.

அந்த மூன்று ஓட்டைக் காகிதம் என்ன ஆகிறது என்றும் சொல்லவேண்டும். அதைக் கத்தரித்து மணிபர்ஸில் வைத்துக்கொள்வார். பேரனின் போட்டோ அதற்குப் பின்னால் போய்விடும். யாராவது "என் துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது" என்று வாய் திறந்தால் போதும், பர்ஸ் வெளியே வரும். ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, குண்டின் விட்டமான 0.224 அங்குலத்தைக் கழித்து, மையத்திலிருந்து மையத்துக்கு எவ்வளவு என்று பென்சிலால் குறித்திருப்பார். மூன்றுக்குப் பதில் பத்து சுட்டால் அந்த அளவு நிற்குமா என்று கேட்டுவிடக்கூடாது. கேட்டவர்களுக்கு மறுபடி காபி கிடைத்ததில்லை. நான்காவதாகச் சுட்ட குண்டு ஒன்று தள்ளிப் போயிருக்கும். அது கணக்கில் சேராது. அது காற்றின் குற்றம், காலையில் குடித்த காபியின் குற்றம், பக்கத்து மேஜைக்காரர் தும்மிய குற்றம். தோட்டாவின் குற்றமாகவும் சில சமயம் இருக்கும். சுட்டவரின் குற்றமாக இருந்ததற்கு வரலாறு இல்லை.

கடைத் தோட்டாவின்மேல் நம்பிக்கை போனபிறகுதான் துல்லியர் நிலவறைக்குள் இறங்கினார். தோட்டாவைத் தாமே செய்வது என்று தீர்மானம். சுட்ட பித்தளைக் கூட்டைத் துடைத்து, நெருக்கி, நீளம் வெட்டி, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் செருகி, மருந்து அளந்து, குண்டை உட்காரவைக்கிற வேலை. இதற்கான அச்சுகளும் அழுத்து இயந்திரமும் விற்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்று ஆர்.சி.பி.எஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டு கிடைக்காத காலத்தில், 1943இல், கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் ஹன்டிங்டன் கிரவுண்ட்ஹாக்கின் மலைநாட்டுத் தாயாதியான ராக் சக்கைச் சுடுவதற்குத் தாமே குண்டு செய்ய அச்சு உண்டாக்கினார். அதிலிருந்து முளைத்த கம்பெனி அது. ஒரு கொழுத்த அணில் இனம் ஒரு தொழிலையே பெற்றெடுத்திருக்கிறது. அணிலுக்கு இதில் பங்கு எதுவும் கொடுக்கவில்லை.

"காசு மிச்சமாகும்" என்று மனைவியிடம் சொல்லித்தான் துல்லியர் முதல் இயந்திரத்தை வாங்கினார். பிறகு தராசு வந்தது. தராசைச் சரிபார்க்க எடைக்கல் வந்தது. குண்டு கூட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பார்க்கும் கருவி வந்தது. வேகம் அளக்கும் கருவி வந்தது. 2020இலும் அதற்கடுத்த வருடமும் நாடு முழுக்கப் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது, எங்கெங்கோ அலைந்து வாங்கிய பிரைமர் பெட்டிகளை அரிசி மூட்டை பதுக்கியவர் மாதிரி எண்ணி எண்ணி வைத்தார். மனைவி ஒரு நாள் படிக்கட்டில் நின்றபடி கேட்டாள்:

"இதுவரை எவ்வளவு மிச்சம்?"

"கிரெய்ன் கணக்கில் சொல்லட்டுமா?"

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். டாலருக்கு எத்தனை என்பதை அவர் சொல்லவே இல்லை. நூறு பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடைவாரியாகப் பிரித்து, சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுக்கொண்டிருந்தார். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மற்றப் பெண்களின் கணவர்கள் மாலையில் எங்கே போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவர் நிலவறையில்தானே இருக்கிறார்.

வருடத்துக்கு ஒருமுறை நண்பர்கள் துல்லியரைத் தெற்கு டகோட்டாவுக்கு இழுத்துப் போவார்கள். அங்கே மேய்ச்சல் வெளிகளில், பெயரில் மட்டும் நாயான, அணில் குடும்பத்துப் பிரெய்ரி நாய்கள் ஊர் ஊராக வளை தோண்டிக் குடியிருக்கும். லூயிஸ், கிளார்க் என்ற நாடாய்வாளர்கள் மேற்கே போன வழியில், 1804 செப்டம்பரில், இப்போதைய நெப்ராஸ்காவில் இந்த ஊர்களில் ஒன்றைக் கண்டார்கள். ஒரு பிரெய்ரி நாயை உயிரோடு பிடிக்க ஆட்களெல்லாம் சேர்ந்து வளைக்குள் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த வருடம் ஒன்றை உயிரோடு ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கே அனுப்பியும் வைத்தார்கள். இந்தக் கதையை நண்பர்கள் சொன்னால் துல்லியர் ரசிப்பதில்லை. தண்ணீருக்கு லாட் நம்பர் இல்லை.

அங்கே நண்பர்கள் குழல் சூடேற ஏற, மூன்று துப்பாக்கிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சுடுவார்கள். துல்லியர் காற்று மானியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். மணிக்குப் பத்து மைல் குறுக்குக்காற்று முந்நூறு கஜத்தில் அவருடைய குண்டை ஏழெட்டு அங்குலம் தள்ளிவிடும். நிலவறையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்த புண்ணியமெல்லாம் ஒரு வீச்சில் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் காற்று நிற்கக் காத்திருக்கிறார். தெற்கு டகோட்டாவில் காற்று நிற்பதில்லை. அரிசோனாப் பக்கத்துப் பிரெய்ரி நாய்களின் கூச்சலை ஆராய்ந்த கான் ஸ்லோபோட்சிகாஃப் என்ற பேராசிரியர், வருகிறவரின் சட்டை நிறம்கூட அந்த எச்சரிக்கைக் குரலில் இருக்கிறது என்கிறார். டகோட்டாச் சொந்தங்களுக்கும் அந்த வித்தை தெரியுமானால், 'பச்சைச் சட்டைக்காரனுக்குப் பயப்படவேண்டாம், அவன் அளக்க வந்தவன்' என்று என்றோ சேதி போயிருக்கும்.

ஒரு வசந்தத்தில் அது நடந்தேவிட்டது. மருந்தும் குண்டும் கூடும் குண்டு உட்காரும் ஆழமும் ஒன்றுகூடி, ஐந்து குண்டு கால் அங்குலத்துக்குள் விழுந்தன. மறுநாளும் விழுந்தன. துல்லியருக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. தேடுவதற்கு எதுவும் இல்லாத மனிதரை எதில் சேர்ப்பது? நல்லவேளையாக வேகத் தோட்டாக்கள் குழலின் தொண்டையைத் தின்றுவிடும். சில வாரத்தில் ஓட்டைகள் விலக ஆரம்பித்தன. குழலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். புரியின் தொடக்கம் வெயிலில் வெடித்த குளத்து மண்ணாகக் கிடந்தது. வீடே அதிரும்படி சீட்டியடித்துக்கொண்டு மாடி ஏறிவந்து, எட்டு அங்குலப் புரி உள்ள புதுக் குழலுக்கு ஆர்டர் கொடுத்தார். பழைய குறிப்புகள் ஒன்றும் இதற்குச் செல்லாது. எல்லாப் பெட்டியும் மறுபடி முதலிலிருந்து.

குழல் வந்து பொருத்தி, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை துடைத்துப் பழக்கிக்கொண்டிருந்த சமயம், புல் வயல் விவசாயி போன் செய்தார். மூன்று கோடைக்கு முன்னால் "வந்து சுட்டுக் கொடுங்கள்" என்று கேட்டவர் அவர்தான்.

"இனி வரவேண்டாம். அந்தத் தடியன் அகப்பட்டுவிட்டான்."

"என்ன தோட்டா?"

"தோட்டாவாவது! பேத்தி கம்பிக் கூண்டு வைத்தாள். உள்ளே ஒரு துண்டு முலாம்பழம். விடிந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறான்."

துல்லியர் பென்சிலை எடுத்து நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"துண்டு என்ன எடை?"