மீன் தின்ற கணக்கு

கேள்வி: நோன்பு திறக்க நாங்கள் கடற்பாசி காய்ச்சுகிறோம். அதைக் கடலுக்குள் மீன் எவ்வளவு தின்கிறது என்று அளக்கிறார்களாமே, காக்கா! மீனிடம் கேட்டா எழுதுகிறார்கள்?
– ஒரு வாசகர், கல்முனைக்குடி

பதில்: மீன் பொய் சொன்னாலும் தராசு சொல்லாது, தம்பி! பாசியை ஈரம் உதறி நிறுத்து, கயிற்றில் கட்டிப் பாறையில் விடுவார்கள். ஒரு நாள் கழித்து எடுத்து மறுபடி நிறுப்பார்கள். அத்தோடு கணக்கு முடியாது. பாசி அதற்குள் வளர்ந்திருக்கும், அலையில் பிய்ந்தும் போயிருக்கும். அதனால் பக்கத்திலேயே வலைக்கூட்டுக்குள் இன்னொரு துண்டு, மீன் வாய் படாமல். கூட்டுக்குள் 20 கிராம் 21 ஆகி, வெளியே 20 கிராம் 12 ஆனால், தின்றது 8 அல்ல, 9. கூடு வெளிச்சத்தை மறைத்துப் பாசியின் வளர்ச்சியைக் குறைத்திருக்குமோ? அதைச் சரிபார்க்கத்தான் பக்கம் திறந்த அரைக்கூடு ஒன்றும் வைப்பார்கள். தின்றது யார் என்று தராசுக்குத் தெரியாது. அதற்குக் கேமரா வேண்டும். நம் சந்தைக்கு வரும் ஒரா மீன், கிளிமீன் மட்டுமல்ல, கடல் முள்ளி, பச்சை ஆமையும் பாசி தின்னிகள்தான்.

இது வீண் வேலை இல்லை. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாசி தின்னும் மீன் குறைந்தால் பவளத்துக்கு மூச்சு முட்டும். வலையில் ஒராக் குஞ்சு சிக்கினால், உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிடுங்கள்.