ஸ்பைரல் பைண்டிங் போட்ட கணினி

கணினித் திரையில் தலையை நீட்டிக்கொண்டு வரிசைகட்டி நிற்கின்றனவே டேப்கள், அவற்றின் குலமுதல்வர் கணினிக்காரர் அல்ல, அட்டைக்காரர். ஜேம்ஸ் நியூட்டன் கன் என்ற அமெரிக்கர், குறிப்பு அட்டையின் மேல்விளிம்பில் ஒரு காது வைத்துவிட்டால் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டியதில்லை என்று கண்டார். 1897-இல் காப்புரிமையும் வாங்கினார். காதைப் பிடித்து இழுத்தால் அட்டை வரும். தத்துவம் அவ்வளவுதான். அதைச் சிக்கலாக்குவதற்கென்றே அடுத்த நூற்றாண்டில் மேதைகள் பலர் அவதரித்தார்கள்.

1988-இல் டான் ஹாப்கின்ஸ், சன் நிறுவனத்தின் நியூஸ் என்ற சாளர அமைப்பில், ஈமாக்ஸ் எடிட்டரின் சாளரங்களுக்குக் காது ஒட்டினார். நன்றாகத்தான் இருந்தது. அதனாலோ என்னவோ, பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஐபிஎம் கைவைத்த கதைதான் கதை. 1992-இல் அதன் ஓஎஸ்/2 2.0 இயங்குதளம் வந்தது. ஒரு கோப்பின் அமைப்புகளைத் திறந்தால், திரையில் ஒரு நோட்டுப் புத்தகம் எழுந்தருளும். நோட்டு என்றால் பேருக்கு நோட்டு இல்லை. இடப்பக்கம் சுருள் சுருளாக ஸ்பைரல் கம்பி. அடியில் பின்தாள்களின் விளிம்புகள் எட்டிப் பார்க்கும். தாள் புரட்ட மூலையில் அம்புக்குறி. கண்ணாடித் திரைக்குள் கம்பி எதற்கு, கட்டாவிட்டால் தாள் கழன்று மடியில் விழுந்துவிடுமா என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒருத்தரும் இல்லை போலிருக்கிறது.

நிரலருக்குக் கொடுத்த சலுகைகளைப் பார்த்தால் ஜவுளிக்கடை தோற்றுவிடும். கம்பி வேண்டுமா, கெட்டி பைண்டிங் வேண்டுமா? டேபின் முனை சதுரமா, உருண்டையா, பலகோணமா? பின்தாள்கள் எந்த மூலையில் எட்டிப் பார்க்கட்டும்? பெரிய டேப்கள் வலப்பக்கம் நின்றால் சின்ன டேப்கள் கீழே. எல்லாம் உண்டு. ஒன்று மட்டும் கிடையாது: டேபுக்குள் எழுத்து அடங்குமா என்று நோட்டு பார்க்காது. நீள அகலத்தை பிக்சல் கணக்கில் நிரலரே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் எழுத்தின் வால் வெட்டுப்படும். கம்பியை வளைவு வளைவாக வரைந்த கைக்கு, ஒரு சொல்லின் அகலத்தை அளக்க நேரம் வாய்க்கவில்லை. 1996-இல் ஓஎஸ்/2 வார்ப் 4 வெளிவந்தபோது, கம்பியில்லாத சாதாரண டேப் பாணியும் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

மைக்ரோசாஃப்ட் கம்பிப் பக்கம் போகவில்லை. அதன் கோளாறு வேறு வகை. விண்டோஸ் 95-இல் டேப் கண்ட்ரோல் எல்லாருக்கும் பொதுச்சொத்தானது. இடம் போதாவிட்டால் டேப்களை இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று அடுக்கலாம். வேர்ட் 97-இன் ஆப்ஷன்ஸ் பெட்டியைத் திறந்தவர்களுக்கு அந்த அடுக்கு மறந்திருக்காது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில், பின்வரிசையில் நிற்கும் சித்தப்பாவை மட்டும் ஒரு நிமிஷம் கூப்பிட்டால், அவருடைய வரிசையே திமுதிமுவென்று முன்னால் வந்து நின்றுகொண்டு, முன்வரிசைக்காரர்களைப் பின்னுக்குத் தள்ளினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பின்வரிசை டேபை அமுக்கினால் வரிசைகள் இடம் மாறும். இப்போது பார்த்த டேப் எங்கே போனது என்று சுட்டியோடு அலைய வேண்டும்.

நிறத்தை மாற்றவேண்டும், எழுத்தைத் தடிமனாக்கவேண்டும் என்று நிரலர்கள் முறையிட்டார்கள். அதற்கும் ஒரு வரம் இருந்தது. பெயர் ஓனர் டிரா. உனக்குத்தானே வேண்டும், நீயே வரைந்துகொள் என்று அர்த்தம். விண்டோஸ் ஒரு செவ்வகத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரே ஒரு டேபைச் சிவப்பாக்க ஆசைப்பட்டவன் எழுத்து, பின்னணி, படம் அனைத்தையும் தன் கையால் வரைந்து முடிக்க வேண்டும். வரம் கேட்டவனையே பூசாரியாக்கிய ஏற்பாடு இது.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. பளபளவென்று புதுத் தோற்றம், அதற்கென்று காமன் கண்ட்ரோல் நூலகத்தின் ஆறாம் பதிப்பு. அதில் பக்கவாட்டு டேப்களுக்கும் அடிப்பக்க டேப்களுக்கும் ஆதரவு கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு டாட்நெட்காரர்களுக்குப் பக்கவாட்டு டேப் செய்யும் முறையை மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்லிக்கொடுத்தது. டேப்கள் வலப்பக்கம் நின்றாலும் மேலே நிற்பதாகவே கண்ட்ரோல் நம்பிக்கொண்டிருக்கும். ஆகவே அகலமாக்க உயரத்தைக் கூட்டு, உயரமாக்க அகலத்தைக் கூட்டு. அகலம் 25, உயரம் 100 என்று கொடுத்தால் நன்றாக வரும். எழுத்தை? அதை நீயே வரைந்துகொள். நான் ரசித்துப் படித்த தொழில்நுட்ப ஆவணங்களில் இதற்கே முதலிடம். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

மூடும் பொத்தான், அந்தக் குட்டி பெருக்கல் குறி, தனி ரகளை. ஜாவாவின் ஸ்விங் என்ற இடைமுகத் தொகுப்பில் டேபுக்கு ஒரு பெயரும் ஒரு ஐகானும் வைக்கலாம், அவ்வளவே. ஐகானாகப் பெருக்கல் குறியை வரைந்து, சுட்டி அதன்மேல்தான் பட்டதா என்று நிரலர்கள் ஆயத்தொலைவுக் கணக்குப் போட்டார்கள். 2006-இல் ஜாவா 6 வந்துதான் டேபுக்குள் நிஜப் பொத்தானை உட்காரவைக்க வழி பிறந்தது. ஜிடிகே என்ற இன்னொரு தொகுப்பு மட்டும் டேபின் தலையில் எந்த விட்ஜெட்டையும் வைத்துக்கொள் என்று முதலிலேயே பெருந்தன்மை காட்டியிருந்தது. 2007-இல் டிகே 8.5 என்ற தொகுப்பு கொண்டுவந்த நோட்புக் என்ற டேப் கண்ட்ரோலில் மூடும் பொத்தானே இல்லை. 2009-இல் க்யூடி 4.5 என்ற தொகுப்பு ஒரே வரியில் பொத்தானைத் தந்தது. ஆனால் அதை அமுக்கினால் டேப் மூடாது; மூடச் சொல்கிறார்கள் என்று தகவல் மட்டும் வரும். மூடுவது உன் பாடு.

பிரவுசர்களின் டேப் சண்டை ஊரறிந்தது. 1997-இல் நெட்கேப்டர் என்ற பிரவுசர் செய்ததை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2006-இல் தன் ஏழாம் பதிப்பில் செய்தது. 2017-இல் எல்லாச் செயலிகளுக்கும் டேப் கட்டுகிறேன் என்று செட்ஸ் என்ற திட்டத்தை அறிவித்த மைக்ரோசாஃப்ட், 2019-க்குள் அதை ஓசையில்லாமல் சுருட்டி வைத்தது.

2021-இல் எட்ஜ் பிரவுசருக்கு ஒரு புது வசதி வந்ததாக அதே நிறுவனம் மேளம் கொட்டியது: பக்கவாட்டு டேப்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் கைவிரித்த அதே சரக்கு. இந்த முறை எழுத்தையும் அவர்களே வரைந்துவிட்டார்கள்.