உயரம்தான் போதவில்லை

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை விடியற்காலையில் சுற்றிவரும் பெருந்தகையாளர்களைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்னண்ணே, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்கள். நம்பத்தான் வேண்டும். அந்தக் குளம் தோண்டும்போது கிடைத்தவராகச் சொல்லப்படும் முக்குறுணிப் பிள்ளையாரை யாராவது எடை பார்த்ததுண்டா? சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒற்றைக் கொழுக்கட்டை; இன்றுவரை ஒரு மாத்திரை கிடையாது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கு, 1830களில் பெல்ஜியத்து வானியலாளர் கெட்டலே போட்டது. நட்சத்திரம் பார்ப்பவருக்குக் கறிதோசையைப் பற்றி என்ன தெரியும்? 1998-இல் அமெரிக்கா, 27-க்கு மேலிருந்த அதிக எடை வரம்பை 25-க்கு இறக்கியது. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் ஒரு பருக்கை கூடுதலாகத் தின்னாமலே குண்டானார்கள். இந்தியருக்கு இன்னும் கறார்: 23.

இறக்கத் தெரிந்தவர்களுக்கு ஏற்றத் தெரியாதா? மதுரைக்கு மட்டும் 35 என்று மாநகராட்சி ஒரு தீர்மானம் போடட்டும். மறுநாளே ஊர் முழுக்க ஒல்லி. மிச்சமாகும் மருத்துவச் செலவில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. சூத்திரத்தை உற்றுப் பார்த்தாலும், எங்கள் எடையில் குறையே இல்லை, உயரம்தான் போதவில்லை.

பி.எம்.ஐ. 21 உள்ள ஒல்லி நண்பர் ஒருவர் எங்களைக் கேலி செய்துகொண்டே இருந்தார். போன வாரம் ரத்தம் சோதித்தார், சர்க்கரை முந்நூறு. பாவம்.

நாங்கள் சோதிக்கவே இல்லை. ஆகவே எங்களுக்கு இல்லை.