சூதாட்ட குருகுலம்

கேள்வி: 'டூ ஃபார் தி மணி' படத்தில் குரு சிஷ்யனுக்கு என்னதான் கற்றுத்தருகிறார்?

பதில்: பேச்சை விற்க. டி.ஜே. கருசோ இயக்கிய இந்த 2005 படத்தில், முழங்கால் அடிபட்டு ஆட்டத்தை இழந்த கால்பந்து வீரன் பிராண்டன் (மேத்யூ மெக்கானஹே). அமெரிக்கக் கால்பந்துதான், காலுக்கு அங்கே வேலை குறைவு. எந்த அணி ஜெயிக்கும் என்று கணிப்பதில் கெட்டிக்காரனான அவனை, நியூயார்க்குக்கு இழுத்து வருகிறார் வால்டர் (அல் பசினோ). பெயர், உடை, கார் எல்லாம் மாறுகின்றன. வால்டர் பந்தயம் கட்டுவதில்லை, ஆலோசனை விற்கிறார். வாடிக்கையாளர் ஜெயித்தால் அதில் பங்கு. தோற்றால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு மட்டுமே!

வால்டரே சூதாட்ட அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர், இதய நோயாளி வேறு. இப்போது அவர் சூதாடுவது சிஷ்யனை வைத்து.

அமெரிக்காவில் வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும். ஆகவே நூற்றுக்கு 52 கணிப்பு பலித்தாலும் நஷ்டம்தான். பிராண்டனோ 80 சதவீதம் ஜெயிப்பதாகக் காட்டுகிறார்கள்; கதை அங்கேதான் காதில் பூ சுற்றுகிறது. கடைசிக் கணிப்புக்கு அவன் நாணயத்தைச் சுண்டுகிறான். அதுவும் பலிக்கிறது!

திரைக்கதை சுமார். பசினோவுக்காகப் பார்க்கலாம்.