திறமையான தகப்பனார்

ஜோசப் கென்னடி அவர்களே, பிள்ளைகளை ஆளாக்குவதில் உங்களுக்கு நிகரான தகப்பனை அமெரிக்க வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெற்றது ஒன்பது பிள்ளைகள். அதில் மூன்று பேர் செனட்டர்கள். அந்த மூவரில் ஒருவர் ஜனாதிபதி. அவர்களை உலகம் அண்ணாந்து பார்க்கும்படி நிறுத்திய உங்கள் திறமையைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் வந்துவிட்டன. ஒருத்தியை மட்டும் உலகம் பார்க்க முடியாதபடி வைத்தீர்களே, அந்தத் திறமையைப் பாராட்டத்தான் இதை எழுதுகிறேன்.

ரோஸ்மேரி உங்கள் மூத்த மகள். 1918 செப்டம்பர் 13 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில், உங்கள் வீட்டிலேயே பிறந்தாள். டாக்டர் வந்து சேரும்வரை குழந்தையை வெளியே வரவிடாமல் நர்ஸ் தடுத்து வைத்தார் என்று அவள் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நடை, பேச்சு, எழுத்து எல்லாமே அவளுக்குத் தாமதமாக வந்தன. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தையை விடுதியில் விட்டுவிட்டு மறந்துபோன வசதியான குடும்பங்கள் ஏராளம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. தனி ஆசிரியர்களை வைத்தீர்கள், பள்ளிகளை மாற்றிப் பார்த்தீர்கள், மற்றப் பிள்ளைகளோடு படகிலும் நடன மேடையிலும் அவளைச் சேர்த்தீர்கள். இந்தப் பாராட்டை எந்தத் தயக்கமும் இல்லாமல் தருகிறேன்.

1938இல் நீங்கள் லண்டனில் அமெரிக்கத் தூதர். பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசர், அரசியின் முன் வெள்ளை உடையில் வந்து வணங்கினாள் ரோஸ்மேரி. கால் இடறியது. சமாளித்துக்கொண்டு சிரித்தபடி நகர்ந்தாள். பிறகு இங்கிலாந்தில் கன்னியர் நடத்திய ஒரு மாண்டிசோரி பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டினாள். சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆசை. அவள் வாழ்நாளிலேயே நிறைவான காலம் அதுதான் என்று தோன்றுகிறது.

போர் வந்ததால் 1940இல் அவள் நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அதன்பின் கோபமும் வலிப்பும் அதிகமாயின. வாஷிங்டனில் தங்கியிருந்த கன்னிமடத்திலிருந்து இரவில் வெளியேறித் தெருவில் நடந்தாள். வயது வந்த மகள் இரவில் காணாமல் போனால் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு பதறும். உங்கள் பதற்றம் இன்னும் விசாலமானது. அரசியலுக்குப் போகவிருந்த மகன்களின் பெயரையும் சேர்த்தே நீங்கள் கவலைப்பட்டீர்கள். அத்தனை தொலைநோக்கு எல்லோருக்கும் வாய்க்காது.

1941 நவம்பரில் முடிவெடுத்தீர்கள். மனைவியைக் கூடக் கலக்காமல் எடுத்தீர்கள். வால்டர் ஃப்ரீமன், ஜேம்ஸ் வாட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் உங்கள் 23 வயது மகளின் மண்டையில் துளையிட்டு, மூளையின் முன்பகுதி இழைகளை வெட்டினார்கள். லோபோடமி என்று அதற்குப் பெயர். அவளை விழித்திருக்க வைத்தே செய்தார்கள். பாட்டுப் பாடச் சொன்னார்கள், ஜெபம் சொல்லச் சொன்னார்கள், எண்ணச் சொன்னார்கள். அவள் சொற்கள் குழறும்வரை வெட்டினார்கள். குழறியதும் நிறுத்தினார்கள். நீங்கள் கேட்டது அமைதி. அது முழுமையாகக் கிடைத்தது. நடக்கவும் பேசவும் அவள் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பேச்சு கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை.

இதன் பிறகு நீங்கள் காட்டிய கட்டுப்பாடுதான் உங்கள் சாதனைகளிலேயே பெரியது. காதும் காதும் வைத்தாற்போல அவளை முதலில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மனநல விடுதியில் சேர்த்தீர்கள். 1949இல் விஸ்கான்சினின் ஜெஃபர்சன் ஊரில் உள்ள செயின்ட் கொலட்டா பள்ளிக்கு அனுப்பினீர்கள். அங்கே அவளுக்கென்று தனி வீடு, கவனிக்கக் கன்னியர்கள். பணத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் சுற்றுக்கு விடும் கடிதங்களிலிருந்து ரோஸ்மேரியின் பெயர் மறைந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாயிற்று; அக்கா எங்கே என்று கேட்கக் கூடாது என்பதை ஒன்பது வயது எட்வர்ட் வரைக்கும் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். யாரும் வாய்விட்டு மிரட்டாமலே ஒரு வீட்டை இத்தனை மௌனமாக்க முடியும் என்று காட்டியவர் நீங்கள். பெற்ற தாய் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மகளைப் பார்க்கப் போகவில்லை.

1958இல் செயின்ட் கொலட்டாவின் கன்னியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினீர்கள். கென்னடிகள் எல்லோரும் தங்கள் வாழ்க்கைப் பணியைப் பார்க்க முடிவதற்கு ரோஸ்மேரியின் பிரச்சினை தீர்ந்தது ஒரு முக்கியக் காரணம் என்பது அதன் சாரம். உங்கள் நேர்மையை நான் மதிக்கிறேன். ஒரு பிள்ளையின் விலையில் மற்றப் பிள்ளைகளின் வாழ்வு நடக்கிறது என்று இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த தகப்பன் அபூர்வம்.

உங்கள் மகன் ஜான் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது வெளியான சில குறிப்புகளில், ரோஸ்மேரி விஸ்கான்சினில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கவனித்து வருகிறாள் என்று இருந்தது. அவள் ஆசைப்பட்ட வேலை அது. அவள் கையிலிருந்து அது பறிபோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, காகிதத்தில் அவளுக்குக் கிடைத்தது.

1961 டிசம்பரில் பக்கவாதம் உங்கள் பேச்சைப் பறித்தது. அதன் பிறகே வீட்டில் மற்றவர்களுக்குப் பேச்சு வந்தது. தாய் மகளைப் பார்க்கப் போனார். 1962இல் உங்கள் மகள் யூனிஸ் ஒரு பத்திரிகையில் தன் அக்காவுக்கு மூளை வளர்ச்சி குறைவு என்று வெளிப்படையாக எழுதினார். அறுவையைப் பற்றி அப்போதும் ஒரு வரி இல்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த எத்தனையோ வீடுகளில், ஒளித்துவைத்த பிள்ளையைப் பற்றிப் பேசும் தைரியம் பிறந்தது. 1968இல் சிகாகோவில் யூனிஸ் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் அன்று ஒன்பது வயதாக இருந்த தம்பி எட்வர்டும் ஒருவர்.

இவையெல்லாம் உங்கள் முடிவின் மறைமுக நன்மைகள் என்று உங்களைப் புகழ்கிறவர்கள் உண்டு. இந்த ஒரு புகழை மட்டும் என்னால் உங்களுக்குத் தர முடியாது. அது நீங்கள் போட்ட பூட்டை உடைத்தவர்களுக்குச் சேர வேண்டியது.

உங்கள் பிள்ளைகளில் நால்வரை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சாவு கொண்டுபோயிற்று. இருவர் விமான விபத்திலும் போரிலும், இருவர் துப்பாக்கிக் குண்டிலும் போனார்கள். நாடே உங்களோடு அழுதது. அவர்களுக்கெல்லாம் முன்பே, 1941இல், நீங்கள் இழந்த மகளுக்காக அழ யாருக்கும் அனுமதி இருக்கவில்லை.

அறுவைக்குப் பிறகு ரோஸ்மேரி 63 ஆண்டுகள் வாழ்ந்தாள். 2005 ஜனவரி 7 அன்று, 86 வயதில் இறந்தாள். உங்கள் ஒன்பது பிள்ளைகளில் இயற்கையாக இறந்த முதல் ஆள் அவள்தான். அவளை நீங்கள் வைத்த இடம் அவ்வளவு பாதுகாப்பானது.