கேசு நிக்காது மாப்ளே!

வா மாப்ளே, உக்காரு. மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குதே, ஸ்டேஷன்ல குடிக்கத் தண்ணிகூடக் கொடுக்கலையா? புகாரை நாலு பக்கத்துக்கு எழுதிக்கிட்டுப் போனியாமே. இன்ஸ்பெக்டர் பொறுமையா படிச்சுட்டு, "தம்பி, கதை நல்லா இருக்கு, செக்‌ஷன்தான் இல்லை"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாராமே. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. நான் சிரிக்கலை. எனக்குப் பல்லு கம்மி.

அந்த மனுசன் சொன்னதுல தப்பில்லைடா. என்ன நடந்துச்சுன்னு நீயே யோசிச்சுப் பாரு. கல்யாணப் பந்தியில, ரசம் வர்ற நேரத்துல நம்ம பெரிய மனுசர் வாயைத் திறந்தாரு. "இப்பல்லாம் யார் யாரோ நம்ம பந்தியில சரிசமமா உக்காருறாங்கப்பா. காலம் கெட்டுப்போச்சு." அம்புட்டுதான். ஆளு பேரு இல்லை, சாதிப் பேரும் இல்லை. உன் ஆபீஸ் சிநேகிதன் உனக்குப் பக்கத்து இலையில இருந்தான். பெரியவரு கண்ணு அவன் இலையைப் பாத்துச்சு, வாயி ரசத்தைக் கேட்டுச்சு. கண்ணு பாத்ததுக்கு எந்தக் கோர்ட்டுலடா செக்‌ஷன் இருக்கு?

அவரை லேசுப்பட்ட ஆளுன்னு நினைச்சிறாதே. ஏழாங்கிளாஸ் தாண்டலை, ஆனா சட்டம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு உன் வக்கீலைவிட அவருக்கு நல்லாத் தெரியும். 1989-ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துச்சு. பட்டியல் சாதி, பழங்குடி ஆளுகளைப் பொதுப் பார்வையில படுற இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினாலோ, சாதிப் பேரைச் சொல்லித் திட்டினாலோ குத்தம். முன்ஜாமீனும் லேசுல கிடைக்காது. இதைக் கேள்விப்பட்ட நாள்லேர்ந்து நம்மாளு வாயில சாதிப் பேரே வர்றதில்லை. "அவங்க"ம்பாரு, "அந்தப் பக்கத்து ஆளுக"ம்பாரு, "கீழத்தெரு"ம்பாரு. ரொம்பக் கோவம் வந்தா "கோட்டா"ன்னு ஒத்தை வார்த்தை. கேக்குற எல்லாருக்கும் புரியும். போலீஸ் எழுதுற காகிதத்துக்கு மட்டும் புரியாது.

வீட்டு முன்னால இருக்கிற இடம் ரோட்டுலேர்ந்து பாத்தாத் தெரியுதுன்னா அது பொதுப் பார்வைதான்னு 2008-ல சுப்ரீம் கோர்ட் சொன்னுச்சு. வெளியாளு யாரும் இல்லாம நாலு சுவத்துக்குள்ள பேசினா இந்தச் சட்டப்படி குத்தம் ஆகாதுன்னு 2020-ல ஒரு உத்தராகண்ட் வழக்குல சொன்னுச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல நாற்காலியை எங்க போடணும்னு பெரியவருக்கு அத்துப்படி. கூட்டத்துக்குக் கூட்டம் பகையை மூட்டினா முன்னால இ.பி.கோ. 153ஏ, 2024 ஜூலைலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 196. மூணு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். ஆனா ரசத்துக்குக் காத்துக்கிட்டே காலத்தை நொந்துக்கிட்டதை எல்லாம் அதுல அடக்க முடியாது.

"அப்ப சட்டத்தை இன்னும் இறுக்கணும் மாமா, கெட்டவனுக வாய் எல்லாத்தையும் கட்டணும்"ங்கிறே. கட்டலாம். ஐ.டி. சட்டத்துல 66ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2012 நவம்பர்ல சிவசேனாத் தலைவர் பால் தாக்கரே செத்தப்ப மும்பையே கடையடைச்சுக் கிடந்துச்சு. பால்கர்ல ஒரு சின்னப் பொண்ணு, இதுக்கு எதுக்கு ஊரை மூடணும்கிற மாதிரி பேஸ்புக்குல எழுதுச்சு. இன்னொரு பொண்ணு அதுக்கு லைக் போட்டுச்சு. ரெண்டு பேரையும் போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. வம்புப் பேச்சை அடக்கன்னு வச்ச சட்டம், கடையை ஏன் மூடணும்னு கேட்ட பிள்ளைகளைத்தான் பிடிச்சுச்சு. 2015 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே தூக்கி வீசுச்சு. ஒரு விஷயத்தைப் பத்திப் பேசலாம், அதுக்காக வாதாடவும் செய்யலாம், அது ஆளுகளைத் தூண்டிவிடுற அளவுக்குப் போனாத்தான் சட்டம் கை வைக்கலாம்னு கோடு போட்டுச்சு. அந்தக் கோட்டை அழிக்கச் சொல்றியே, அழிஞ்சா முதல் மனு யாரு கொடுப்பா தெரியுமா? நம்ம பெரியவருதான். நீ மண்டபத்துல அவரைத் திட்டினதுல அவரு மனசு புண்பட்டுப்போச்சுன்னு.

இதுக்காக எல்லாத்தையும் பொறுத்துப் போன்னு நான் சொல்லலை. சாதிப் பேரைச் சொன்னானா, அடிப்பேன் வெட்டுவேன்னானா, அவன் கடையில சாமான் வாங்காதீங்க, தெருவுக்குள்ள விடாதீங்கன்னு ஆள் சேத்தானா, நேரா ஸ்டேஷனுக்குப் போ. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்காம வீட்டுக்கு வராதே. "பெரியவங்க பேசித் தீத்துக்கலாம்"னு எவனாவது குறுக்க வந்தா கேக்காதே. அந்த எவன் நானா இருந்தாலும் கேக்காதே.

நாம பேசுறது சட்டத்துக்கு அந்தப் பக்கமா நின்னு கல்லெறியுற பேச்சைப் பத்தி. அதுக்கு நீ அன்னைக்கு என்ன பண்ணினே? இலையைத் தாண்டிக் குதிச்சே. சட்டையைப் பிடிச்சே. அம்பேத்கர்லேர்ந்து ஆரம்பிச்சு அரசியல் சாசனம் வரைக்கும் ஒரு பிரசங்கம். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திட்டு உன்னைக் கேட்டாரு. எல்லாம் சரி மாப்ளே, யாருக்காகச் சண்டை போட்டியோ அவன் அப்ப எங்க இருந்தான்னு பாத்தியா? பாயசம் வர்றதுக்கு முன்னாலேயே இலையை மடிச்சுட்டுக் கையைக் கழுவிக்கிட்டு, செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தான். நான்தான் வாசல்ல பிடிச்சு வெத்தலை பாக்குப் பையைக் கையில கொடுத்தேன். "ஐயா, அவரு பேசினதுகூடப் பழகிப்போச்சு. சண்டை வந்ததும் மண்டபமே என்னைத் திரும்பிப் பாத்துச்சு பாருங்க..."ன்னான். மீதியைச் சொல்லலை. வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். உன் வீரத்துக்கு அவன் மொய் எழுதிட்டுப் போனான்னு வச்சுக்க.

அதனால முதல் வேலை, அவன்கிட்ட கேளு. கேக்கணுமா, வேணாமா, இப்பவா, அப்புறமா, அதெல்லாம் அடிபட்டவன் சொல்லணும். உனக்கு மீசை துடிக்குதேங்கிறதுக்காக அவனை நடுச்சபையில நிறுத்தக் கூடாது.

அடுத்து, பெரியவரை மடக்குற வழியைச் சொல்றேன், காதைக் கொடு. கோவப்படாதே. ரொம்ப மரியாதையா, பச்சப்புள்ளை கணக்கா முகத்தை வச்சுக்கிட்டு, "பெரியப்பா, யார் யாரோன்னா யாரைச் சொல்றீங்க? எனக்கு வெளங்கலையே"ன்னு கேளு. சத்தமா கேளு. "உனக்குத் தெரியாதாக்கும்"னு கண்ணடிப்பாரு. "சத்தியமா தெரியலை பெரியப்பா, விவரமா சொல்லுங்க. இவங்களும் கேட்டுக்கட்டும்"னு பக்கத்து வரிசையையும் கூப்பிடு. இப்ப அவருக்கு ரெண்டே வழிதான். விளக்கிச் சொன்னா, இத்தனை நாளா வெளியில நின்ன ஆளு அவரா நடந்து சட்டத்துக்குள்ள வந்துருவாரு. சொல்லாட்டி, அரைகுறையா மென்னு முழுங்கி, "ரசம் எங்கப்பா"ன்னு திரும்பிக்குவாரு. ரெண்டுல எது நடந்தாலும் உனக்குச் சட்டை கசங்காது.

மூணாவது, சிரிக்காதே. இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா சூட்சுமமே இதுலதான் இருக்கு. இந்த மாதிரிப் பேசுறவனுக்குச் சம்பளமே சுத்தி இருக்கவன் சிரிப்புதான். அன்னைக்கு அந்த வரிசையில கெக்கேபிக்கேன்னு சிரிச்சவங்க எல்லாம் கெட்டவங்க இல்லை. பெரியவரு பொல்லாப்பு நமக்கெதுக்குன்னு சிரிச்சவங்கதான் பாதிப் பேரு. சிரிப்பு நின்னுச்சுன்னா அவரு அடுத்த வாக்கியத்தை யோசிச்சுத்தான் பேசணும். யோசிச்சுப் பேசிப் பழக்கமில்லாத மனுசர், கஷ்டப்பட்டுப்போவாரு.

நாலாவது, பரப்பாதே. நம்ம சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்பு இருக்கே, காலையில ரோசாப்பூ, மத்தியானம் மூட்டுவலிக்குக் கசாயம், ராத்திரியானா எவனோ எந்த மதத்துக்காரனையோ திட்டி எழுதினது. நீ என்ன பண்றே? "இந்த அநியாயத்தைப் பாருங்கள்"னு அதைப் படம் பிடிச்சு உன் சிநேகிதங்க இருக்கிற எல்லாக் குரூப்புலயும் போடுறே. எழுதினவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அம்புட்டு வீட்டுக்குள்ள போயிருக்குமா? அவனுக்கு நீ கூலியில்லாத தபால்காரன். போட்ட ஆளுக்குத் தனியா போனைப் போட்டு, "சித்தப்பா, இது பொய்யாம்ல, நம்ம பிள்ளைகளும் பாக்குற இடம்ல"ன்னு சொல்லு. ஊருக்கு முன்னால விட்டுக்கொடுக்காத வீம்பைப் போன்ல விட்டுக்கொடுப்பாங்க.

இன்னொரு இடத்துலயும் இப்படித்தான் கோட்டை விட்டே. பட்டணத்துல வீடு பாக்கப் போனியே, வீட்டுக்காரர் சுத்தி வளைச்சு, "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டாராமே. நீ அரை மணி நேரம் சமத்துவம் பேசிட்டு வந்தே, வீடும் போச்சு. "ஒண்ணாந்தேதியானா வாடகை கொடுக்குற ஆளுங்க"ன்னு சொல்லிட்டு, "நீங்க அட்வான்ஸை ஒழுங்கா திருப்பிக் கொடுக்குற ஆளுங்களா?"ன்னு கேட்டிருக்கணும். அப்பவும் வீடு கிடைச்சிருக்காது. அவரு ராத்திரி தூக்கமாவது போயிருக்கும்.

இதெல்லாம் கிழவன் திண்ணைப் பேச்சுன்னு நினைக்கிறே. ஜெர்மனிக்காரன் செஞ்சதைச் சொல்றேன், கேளு. பவேரியாவுல வுன்சீடல்னு ஒரு சின்ன ஊரு. ஹிட்லரோட வலது கையா இருந்த ருடால்ஃப் ஹெஸ்ஸை அங்கதான் புதைச்சிருந்தாங்க. வருசா வருசம் நாஜிக் கூட்டம் கொடி பிடிச்சுக்கிட்டு அந்த ஊருக்குள்ள ஊர்வலம் வரும். 2011-ல கல்லறையையே எடுத்தாச்சு, அப்பவும் ஊர்வலம் நிக்கலை. மறியல் பண்ணிப் பாத்தாங்க, கோர்ட்டுக்குப் போய்ப் பாத்தாங்க. 2014 நவம்பர்ல ஊர்க்காரங்க வேற கணக்குப் போட்டாங்க. ஊர்வலம் நடக்குற ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ நன்கொடை. யாருக்கு? நாஜிக் கூட்டத்தை விட்டு வெளியேற நினைக்கிறவனுக்குக் கை கொடுக்குற எக்ஸிட் டாய்ச்லாந்துங்கிற அமைப்புக்கு. ரோட்டுல எத்தனை மீட்டர், எவ்வளவு காசுன்னு கோடு போட்டு எழுதி வச்சாங்க. களைச்சுப் போயிராம நடங்கன்னு வழியில வாழைப்பழம் வச்சாங்க. கடைசியில, உங்க புண்ணியத்துல 10,000 யூரோ சேந்துச்சு, நன்றின்னு பேனர் கட்டினாங்க. வந்தவனுக்குத் திரும்பிப் போனாலும் தோல்வி, நடந்தாலும் தோல்வி. நடந்தா தன் கூட்டத்தைக் கலைக்கத் தானே காசு கொடுத்த மாதிரி. ஒருத்தர் சட்டையையும் யாரும் பிடிக்கலை, கவனிச்சியா?

அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல ஸ்கோக்கின்னு ஒரு ஊரு. ஹிட்லர்கிட்டேர்ந்து தப்பிப் பிழைச்ச யூதர்கள் நிறையப் பேரு குடியிருந்த இடம். 1977-ல அங்கதான் ஊர்வலம் போவோம்னு நாஜிக் கட்சி ஒண்ணு கிளம்புச்சு. அங்க சட்டப்படி தடுக்க முடியலை, கோர்ட்டு அவங்க பக்கம் நின்னுச்சு. கடைசியில அவங்க அந்த ஊருக்கு வரவே இல்லை, சிகாகோவுலயே கூட்டம் போட்டுட்டுக் கலைஞ்சுட்டாங்க. ஆனா தப்பிப் பிழைச்சவங்க அதோட விடலை. இத்தனை நாளும் வாய் திறக்காம இருந்தவங்க ஒண்ணு கூடி, நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்துல யூதப் படுகொலையைப் பத்திப் பாடம் நடத்தியே ஆகணும்னு 1990-ல அந்த மாநிலம் சட்டம் போட்டுச்சு. 2009-ல அதே ஸ்கோக்கியில பெரிய அருங்காட்சியகமே திறந்தாங்க. ஊர்வலம் வரேன்னவன் பேரு இன்னைக்கு யாருக்குத் தெரியும்?

நம்ம பக்கமும் யோசிக்காம இல்லை. 2023 ஆகஸ்ட்டுல நாங்குநேரியில ஒரு பிளஸ் டூ பையனை வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. வெட்டுனது கூடப் படிச்ச பசங்க. அரிவாள் திடீர்னு வந்துச்சு, சாதிச் சீண்டல் பேச்சு அதுக்கு முன்னாலேயே வந்திருந்துச்சு. அதுக்கப்புறம் அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு. பிள்ளைக கையில சாதிக் கயிறு, மோதிரம் கூடாது, பள்ளிக்கூடப் பேருல சாதி கூடாதுன்னு பட்டியல் போட்டுச்சு. அந்தக் கயிறை அந்தப் பிள்ளை கையில கட்டிவிட்டது யாரு? நம்ம மாதிரி ஒரு மாமனோ சித்தப்பனோதான். பந்தியில நாம சிரிச்சதை எதிர் வரிசையில இருந்து ஒரு பொடியன் பாத்துக்கிட்டே இருந்தான் மாப்ளே. அதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் சொல்றேன்.

சரி, இப்ப நம்ம ஊருக்கு ஒரு திட்டம் வச்சிருக்கேன். கீழத்தெருவுல சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்குறாங்கள்ல, அதுக்கு ஒரு உண்டியல். பெரியவரு அந்த மாதிரி வாயைத் திறக்குற ஒவ்வொரு தடவைக்கும் நம்ம வகையறாவுல ஆளுக்கு நூறு ரூவா. ரசீதை மட்டும் அவரு பேருல போட்டு அவரு வீட்டுக்கே அனுப்பிருவோம். பொங்கலுக்குக் கரும்பலகை வாங்கி, "உபயம்"னு அவரு பேரை எழுதி, விழாவுக்கு அவரையே தலைமை தாங்கக் கூப்பிடுவோம். வரமாட்டேன்னு சொல்லட்டும் பாப்போம்.

ஆக, கணக்கு இதுதான். சட்டத்துக்குள்ள வர்ற பேச்சுன்னா ஸ்டேஷன், வராத பேச்சுன்னா நீயும் நானும். சிரிக்காதே, பரப்பாதே, யாரைச் சொல்றீங்கன்னு கேளு, அடிபட்டவன் பக்கத்துல போய் உக்காரு. வக்கீல் பீஸுக்குன்னு எடுத்து வச்ச காசு சும்மாதானே கிடக்கு? பாதியை உண்டியல்ல போடு. மீதியில எனக்கொரு கரை வேட்டி எடுத்துக் கொடு. யோசனை சொன்னவனுக்குக் கூலி வேணாமா?